எரிமலையில் தேய்த்த குதிகால்

போடியில் ஜீப்பு ஓட்டுகிறேன். சவாரிக்கு வருகிறவர்களைச் சிரிக்க வைக்காமல் இறக்கிவிட மாட்டேன். அப்படி ஒரு வியாதி.

போன தை மாதம் ரியூனியன் தீவிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய முன்னோர் ஒருவர் பக்கத்துச் சிலமலைக் கிராமத்திலிருந்து அங்கே கரும்பு வெட்டப் போனவராம். இவருக்குத் தமிழ் வராது. கைபேசியிடம் பிரெஞ்சில் சொல்வார். அது செய்தி வாசிப்பது மாதிரி தமிழில் பேசும். "முதலில் மலை. பிறகு சிலமலை" என்றது.

ஏறும்போது அவர் ஊர் எரிமலையின் படத்தைக் காட்டினார். இன்னும் அடிக்கடி பொங்குமாம். கவிழ்த்த கேடயம் மாதிரி பரந்து கிடந்தது.

"இதெல்லாம் ஒரு மலையா, ஆத்தா? எங்க போடிமெட்டு ஏறுறதுக்குள்ள கொடலு வாய்க்கு வந்துரும்" என்றேன்.

சிரித்தார். "எங்கள் மலையின் குழம்பு மெதுவாக இறங்கும். ஆள் நடந்தே தப்பலாம். வீடு தப்பாது" என்றது கைபேசி.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தினேன். அவர் ஏலத்தோட்டம் பார்க்கப் போனார். வளைவுகளில் ஆடியதில் அவர் பையிலிருந்து ஒரு கல் உருண்டு என் காலடிக்கு வந்திருந்தது. கறுப்பு, உடம்பெல்லாம் பொத்தல். வெளிநாட்டுக்காரர்கள் கால் தேய்க்கிற கல் என்று நானே முடிவு செய்துகொண்டு, குழாயடியில் உட்கார்ந்து குதிகாலின் பல வருஷத்து வெடிப்பைத் தேய்த்தேன்.

டீக்கடை அக்கா எட்டிப் பார்த்தார். "யண்ணே, என்னா வெளுப்பு! எனக்கும் ஒண்ணு கொண்டாங்க."

"வெளிநாட்டுச் சரக்குத்தா. வரிசையில நில்லு."

திரும்பினால் அந்த அம்மா நிற்கிறார். சிரிக்கவில்லை. கைபேசியிடம் ஏதோ சொன்னார். அதே செய்திக் குரல்: "என் தாயின் வீட்டை மூடிய குழம்பின் கல். அவர் சமையலறை இதன் அடியில் இருக்கிறது. சிலமலை மண்ணில் வைக்கக் கொண்டுவந்தேன்."

மன்னிப்பையும் அந்தக் கைபேசியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. மூன்று முறை கழுவியும் பொத்தல்களில் என் தோல் வெள்ளைப் பொடியாக ஒட்டியிருந்தது. டீக்கடை அக்கா தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றித் தந்தார். ஒவ்வொரு பொத்தலாகக் குத்தி எடுத்தேன். இறங்கும் வழியெல்லாம் ஒரு ஜோக்கும் வரவில்லை.

சிலமலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவரிடம் எல்லாம் சொன்னேன், குதிகாலை மட்டும் விட்டுவிட்டு.

"நம்ம ஆத்தாதான, தாராளமா வைக்கட்டும்" என்று வரப்போரம் வேம்படியைக் காட்டினார்.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லை வைத்தார். தண்ணீர் பாய்ச்சியவரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார். நானும் செருப்பைக் கழற்ற வேண்டியதாயிற்று. என் குதிகால்கள் இரண்டும் பச்சைப்பிள்ளையுடையவை மாதிரி பளிச்சென்று தெரிந்தன. யாரும் பார்ப்பதற்குள் ஈரச் சேற்றில் அழுத்திப் புதைத்துக்கொண்டேன்.