முதலில் உட்கார்ந்தவன்

மட்டாஞ்சேரியில் ஆஸ்பத்திரி மேனேஜர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான்தான். அதற்குத் தலைவராகவும் ஆசை. நாலாம் கிளாஸோடு நின்று எப்படியோ மேனேஜரானவன் தலைவராக ஆசைப்படலாமா என்று சிலர் சிரித்தார்கள்.

முதல் கூட்டத்துக்கு வந்த எல்லோரும் மேனேஜர்கள், வேலை ஏவியே பழகியவர்கள். ஒருவர் பெஞ்சை நகர்த்தச் சொன்னார், இன்னொருவர் சாயாக்காரனை விரட்டினார். ஒருவரும் உட்காரவில்லை. அக்கரை எறணாகுளத்திலிருந்து வந்தவர்களுக்குத் திரும்பிப் போகப் போட் ஏற நேரமாகிவிட்டது. சங்கம் பிறக்காமலே போய்விடும் போலிருந்தது.

நான் நடு நாற்காலியில் உட்கார்ந்து, "சேட்டன்மாரே, எல்லாரும் ஏவுங்கோ, நான் கேட்டுக்கறேன்" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் மூத்தவர், "அப்போ நீர்தான் ஓய் தலைவர்! சொன்னா கேக்கறதுக்கு ஒரு மனுஷனாவது வேணுமே!" என்றார். கூடமே கை தட்டியது.

அதன்பிறகு அந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்ப எந்தப் பட்டதாரியாலும் முடியவில்லை.