சண்டையில் படித்த இங்கிலீஷ்

என் கணவர் கற்பிட்டியில் வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் டொல்பின் காட்டுகிறவர். அந்தத் தொழிலுக்கு இங்கிலீஷ் வேண்டியிருந்தது. நான் போனில் பார்த்துச் சொற்களைச் சொல்லிக் கொடுப்பேன். இரவு பாடமாக்கியது விடியும்போது மறந்து போயிருக்கும்.

ஒருநாள் மீன்குழம்பில் உப்புப் போதாது என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்க சரியான ஸ்டபர்ன்!”

“அப்பிடியெண்டா என்ன?”

“பிடிவாதக்காரன்.”

அந்தச் சொல்லை அவர் மறக்கவே இல்லை. அதன்பிறகு புதுச்சொல் எதுவானாலும் அன்றைய சண்டைக்குள் கொண்டுவந்துவிடுவோம். சண்டைக்குக் காரணம் கிடைக்காவிட்டால் நானே ஒன்றை உண்டாக்குவேன்.

போன சீசனில் அவர் படகில் ஏறிய ஒரு தம்பதி வழியெல்லாம் வாக்குவாதப்பட்டார்களாம். வெயிலுக்குத் தொப்பி போடச் சொல்லி மனைவி கெஞ்சியும் கணவன் கேட்கவில்லை. கடைசியில் அவள் “ஸ்டபர்ன்!” என்று கத்தியதும் என்னவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருவரும் திரும்பி முறைத்தார்கள்.

“சொறி மேடம், மை வைஃப் ஆல்சோ டெல் மீ” என்று இவர் தடுமாறியிருக்கிறார்.

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கணவனும் சிரித்துக்கொண்டே தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“இன்னும் ரெண்டு மூணு புதுச்சொல்லு தா புள்ள, நாளைக்கும் அவங்கதான் வாறாங்க” என்றபடி சாப்பிட உட்கார்ந்தார்.