கோச் ரேயின் மைதானம்

மகளுக்கு பேஸ்போல் கையுறை தேடிப் பழைய சாமான் கடைக்குப் போனேன். எண்ணெய் ஊறிய அந்தத் தோல் மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கனடாவின் ஸ்காபரோவில் இப்போது வரிசை வீடுகள் நிற்கும் இடத்தில், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் பேஸ்போல் அணியின் மைதானம் இருந்தது. சின்னச் சின்ன ஊர் அணிகளுக்காக ஆடி, பஸ்ஸில் அலைந்தே இளமையைத் தீர்த்துவிட்டு எங்களுக்குக் கோச்சாக வந்த ரே, பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடவேண்டிய பேஸ்போலில் கிரிக்கெட் பழக்கத்தில் மட்டையோடு ஓடும் எங்களுக்காகவே ஒரு தமிழ்ச்சொல் பழகி, "போடு! போடு!" என்று தொண்டை கிழியக் கத்தியபடி புழுதியில் கூடவே ஓடுவார்.

ஆட்டம் சனிக்கிழமைகளில். எங்கள் வீடுகளில் அது ரியூசன் வகுப்பு நாள். "உந்தக் கட்டையைத் தூக்கி ஆர் டொக்டரானவன்? வெளிக்கிடு!" என்பார் அப்பா. ஒன்பது பேர் சேராவிட்டால் ஆடாமலே தோல்வி. இன்னொரு முறை அப்படித் தோற்றால் அணியைக் கலைப்போம் என்று ஆட்டங்களை நடத்திய சங்கம் சொல்லிவிட்டது. கோச் வீடு வீடாக வந்து கெஞ்சினார். அம்மா தேத்தண்ணி கொடுத்து, "ஓம், ஓம், அனுப்புறம்" என்றார். அனுப்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை எட்டுப் பேர்தான் வந்தார்களாம். அணி கலைந்தது, ஆளில்லாத மைதானத்தை வீடு கட்ட விற்றார்கள். அப்பாவை இன்றும் திட்டுகிறேன். ஆனால் அன்று ரியூசன் வாசலில் என்னை இறக்கிவிட்டு அவர் போய்விட்டார். அங்கிருந்து மைதானம் இரண்டே தெரு தள்ளித்தான் இருந்தது. நான் போகவில்லை.