சேற்றுச் சப்பாத்தோடு இறங்கிய உளவாளி

அந்த உளவுப் படத்தின் முதல் இரண்டு பாகங்களையும் நால்வராகப் பார்த்தோம்: நானும் மனைவியும், அடுத்த வீட்டு மலேசியத் தமிழரும் அவர் மனைவியும். ஆக்லாந்து விமான நிலையத்தை ஒட்டிய மங்கரேயில் இறக்குமதிச் சரக்குக்கு அனுமதி வழங்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். திரையில் எவன் எந்த நாட்டுக்குள் நுழைந்தாலும் அவன் காட்டாத பத்திரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முணுமுணுப்பேன். அவர் மனைவி பொப்கோர்ன் பையால் என் தோளில் தட்டி வாயை மூட வைப்பார்.

மூன்றாம் பாகம் வருமுன் அவர் மனைவி காலமானார். அதன்பின் மனிதர் வேலிக்கு அப்பாலிருந்து தலையசைப்பதோடு சரி. சாப்பாடு கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்.

"படத்துக்கெண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்க ஒருத்தரும் கதைக்கத் தேவையில்லை" என்றாள் என் மனைவி. மூன்றாம் பாகத்துக்குக் கூப்பிட்டேன். அவர் மறுக்கவில்லை.

வெஸ்ட்கேட் தியேட்டரில் சீக்கிரமே தெரிந்துவிட்டது, படம் தேறாது. முந்தைய பாகங்களில் ஒரு சாவியைத் திருடவே பாதிப் படம் போகும். அந்தப் பொறுமைக்காகத்தான் போவோம். இதில் ஊர் ஊராக வெடி வைத்தார்கள். வில்லன் தன் திட்டத்தை இரண்டு தடவை விளக்கினான், என் பழைய மேலதிகாரிகளைப் போல. நான் வாயே திறக்கவில்லை. அவரை வீட்டிலிருந்து கிளப்பக் கிடைத்த ஒரே சாக்கு இப்படிப் பாழாகிறதே, இனிக் கூப்பிட்டால் வரமாட்டாரே என்பதுதான் கவலை.

அப்போது உளவாளி காட்டுச் சண்டையிலிருந்து நேரே விமானமேறி ஆக்லாந்தில் இறங்கினான். சப்பாத்தெல்லாம் சேறு. யாரும் தடுக்கவில்லை.

"அண்ணே, இவ்ளோ மண்ணோட விட்டுருவாங்களா?" என்றார் அவர் மெதுவாக. "என் வீட்டம்மா கொண்டாந்த கறிவேப்பிலைய இங்க ஏர்போர்ட்ல நாய் விட்டுப் பிடிச்சாங்க."

மனைவி போனபின் அவரைப் பற்றி மனிதர் வாய்திறந்தது அதுதான் முதல் தடவை.

"விடமாட்டினம். சப்பாத்தைக் கழற்றிக் கழுவித்தான் குடுப்பினம். சொல்லாமல் கொண்டுவந்ததுக்குத் தண்டமும் இருக்கு."

"அப்ப சப்பாத்தக்கூடத் துடைக்காத இவன் உளவாளியே இல்லண்ணே."

மிச்சப் படம் முழுக்கக் கிசுகிசுத்தோம். முன்வரிசைப் பெண் இருமுறை திரும்பி முறைத்தார், நியாயம்தான். படம் நன்றாக இருந்திருந்தால் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு திரும்பியிருப்போம். அதை எடுத்தவருக்கு என்றும் நன்றியுடையேன்.

காரை நிறுத்தியபின் அவர் தன் வீட்டுப் பக்கம் போகவில்லை. படத்தில் துப்பாக்கி வந்த மரப்பெட்டிக்குப் பூச்சி சாகப் புகையூட்டினார்களா என்று கேட்டபடியே என் பின்னால் சமையலறைக்குள் வந்தார். என் மனைவி இன்னொரு தட்டில் புட்டு வைத்தாள்.

உட்கார்ந்தார். "சம்பல் இருக்காக்கா?" என்றார்.