கீழே, இடது பக்கம்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, அவள் மிகவும் நேசித்த ஒன்றை நான் வேண்டுமென்றே அழித்தேன். கைதவறி நடந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் அதை நம்பினாள் என்றே பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோயைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தத் தவற்றைச் செய்ததும் என் இடது கட்டைவிரல்தான். நோயில் முதலில் செயலிழந்ததும் அதுதான். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எழுத எனக்குத் தெரியவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை. சவரம் செய்துவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்தேன். என் மனைவி சாந்தா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னங்க இது, பாதி மூஞ்சில சோப்பு அப்படியே இருக்கு?"

"முழுசாத்தானே பண்ணேன்."

தோசையின் வலது பாதியைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டேன். "தட்டுல இருக்கறத மொதல்ல சாப்பிடுங்க. வயசாக ஆக வெளையாட்டு ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள். தட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் களைப்பாக இருக்கிறது என்று சொல்லி ஒரு மணி நேரம் படுத்தேன். எழுந்தபோது இடது கால் என்னுடன் எழவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் வீணாக்காதீர்கள். எனக்கு வந்தது பக்கவாதம் (மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்டு, அந்தப் பகுதி பட்டினி கிடப்பது). அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன் உண்டு. எனக்கு ஊசி கிடைத்தது. இன்னும் சீக்கிரம் கிடைத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் மருத்துவர் ஒரு தாளையும் பேனாவையும் தந்து, இந்திய வரைபடத்தை வரையச் சொன்னார். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் புவியியல் கற்பித்தவன் நான். மனதுக்குள் சிரித்துக்கொண்டே வரைந்து கொடுத்தேன்.

"கேரளா எங்க சார்?"

"இதோ, இதுலயே இருக்கே."

"மும்பை?"

"டாக்டர், நான் ஜியாகிரபி வாத்தியார்."

அவர் தாளை எனக்கு வலப்பக்கமாக நகர்த்தினார். மேற்குக் கரையே இல்லை. என் பெங்களூர் கடலோரத்தில் நின்றுகொண்டிருந்தது.

இதன் பெயர் இடப்புறப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும், இடது பக்கம் இருப்பவற்றை மூளை பொருட்படுத்தாமல் விட்டுவிடும் நிலை). உடனிருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்வது கடினம். இடது பக்கம் இருட்டாகத் தெரிவதில்லை. அப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்ற நினைப்பே போய்விடுகிறது. நினைப்பில் இல்லாததை ஒருவன் எப்படித் தேடுவான்?

வீடு திரும்பியபின் ரேகா என்ற பெண் வந்து தொழில்வழிச் சிகிச்சை (உண்பது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களை மறுபடி பழக்குவது) அளித்தார். தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, அந்தச் சிவப்பு நாடா கண்ணில் படும்வரை தலையைத் திருப்பச் சொன்னார். "எடக்கே நோடி, அங்கிள்" என்பார். கன்னடத்தில், இடது பக்கம் பாருங்கள்.

"எடக்குப் பண்றதுக்கு இவருக்கு யாரும் சொல்லித் தரவேணாம்மா" என்றாள் சாந்தா. தமிழ் எடக்கு என்னவென்று விளக்கியதும் எங்கள் மூவரில் ரேகாதான் அதிகம் சிரித்தார். அன்று முதல் அது எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

இடது கைக்கும் கண்ணுக்கும் சேர்த்து வேலை கொடுக்கும் விளையாட்டு ஏதாவது இருந்தால் நல்லது என்று ரேகா சொல்லியிருந்தார். பொம்மனஹள்ளியில் வசிக்கும் என் மகள் பிரிசில்லா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது, தன் வீடியோ கேம் கைக்கருவியைப் பையிலிருந்து எடுத்தாள். நடுவில் திரை, இரு பக்கமும் பிடிகள். இடது பிடியில் கட்டைவிரலால் தள்ளும் சிறிய குமிழ்.

"பழைய கேம்தான்பா. இப்ப புதுசா திரும்ப செஞ்சிருக்காங்க. பிராணிங்களப் புடிச்சு வளக்கணும். உங்களுக்குத் தனி ப்ரொஃபைல் போட்டிருக்கேன்." திரையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடாவை ஒட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இதுல ஒருத்தர் சேவ் பண்ணத இன்னொருத்தர் தொட முடியாது."

எந்த விளையாட்டு என்று எனக்கு இசை கேட்டதுமே தெரிந்துவிட்டது.

அப்போதும் நாங்கள் பெங்களூரில் இதே லிங்கராஜபுரத்தில்தான் மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழ் வீட்டு ரோஸி அக்காவிடம் பிரிசி கணக்கு ட்யூஷன் போவாள். ஒரு விடுமுறைக்கு வந்த சாந்தாவின் தம்பி, இரண்டு திரைகள் கொண்ட மடக்குக் கருவி ஒன்றையும் இந்த விளையாட்டையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த விளையாட்டில், ஊர்களுக்கும் காடுகளுக்கும் அடியில் ஒரு சுரங்கக் குகை உலகம் இருந்தது. ஒரு பொத்தானைத் தொட்டால் தரை பிளந்து கீழே இறங்கலாம். சுவர்களைத் தட்டிக் கற்களும் புதைபடிவங்களும் எடுக்கலாம். தனக்கென ஓர் அறையைக் குடைந்துகொள்ளலாம். பள்ளி விட்டு வந்து சன்னலோரம் உட்கார்ந்து, சிறு குச்சியால் கீழ்த்திரையில் தட்டிக்கொண்டிருப்பாள். டக் டக் என்ற அந்த ஓசையும், வெளியே நாலு மணி மழையும், சாந்தா காபி ஆற்றும் ஓசையும் சேர்ந்துதான் அந்த வருடம் எனக்குள் இருக்கிறது. அப்போது அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அதைக் கேட்க ஏங்குகிறேன்.

கல்லூரியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "எங்கம்மா இருக்கே?" என்று கேட்பேன். "கீழ இருக்கேன்பா" என்பாள். எங்கள் வீட்டில் கீழே என்றால் ட்யூஷன். நிம்மதியாக வைத்துவிடுவேன்.

ஒருநாள் ரோஸி அக்கா படியில் என்னை நிறுத்தி, "கொழந்த பத்து நாளா வரலியே சார், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"கீழ இருக்கேன்னு சொன்னியே?" என்று பிரிசியிடம் கத்தினேன். அவள் கருவியைத் தூக்கிக் காட்டி, "கீழதான்பா இருந்தேன்" என்றாள். அது எனக்குத் திமிராகப் பட்டது.

மறுநாள் அவள் பள்ளியில் இருந்தபோது, படித்தவன் செய்வதுபோல், விளையாட்டோடு வந்த கையேட்டை எடுத்து முழுவதும் படித்தேன். சேமித்த ஆட்டத்தை அழிக்க, தொடக்கத் திரையில் மூன்று பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். மேல்நோக்கும் அம்புக்குறியை இடது கட்டைவிரலாலும், மற்ற இரண்டையும் வலது கையாலும் அழுத்தினேன். அழித்துவிடவா என்று இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆம் என்றேன்.

மாலையில், "என்னன்னு பாக்க எடுத்தேன்மா, ஏதோ அழிஞ்சுபோச்சு" என்றேன். அவள் கருவியை மடக்கி வைத்தாள். "பரவால்லப்பா" என்றாள். ட்யூஷனுக்கு ஒழுங்காகப் போனாள். மதிப்பெண் ஏறியது. நான் பெருமைப்பட்டேன். தொலைபேசியில் எங்கே என்று கேட்டால், அதன்பிறகு "வீட்ல" என்று மட்டும் சொல்வாள். அப்படி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லியே வளர்ந்துவிட்டாள்.

நோய்க்கு வருகிறேன். இடது கட்டைவிரலால் குமிழை நகர்த்தினால்தான் ஆட்டத்தில் நடக்க முடியும். முதல் வாரம் என் உருவம் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. ரேகா என் விரலைக் குமிழோடு சேர்த்து மெல்லிய துணியால் கட்டிவிட்டார். ஒருநாள் அது மூன்று அடி நடந்தது. வீட்டுக் கூடத்தில் நடைச்சட்டத்தைப் பிடித்து நடந்ததைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

குகைக்குள் இறங்க மேலும் பல நாட்கள் ஆயின. ஊதா வெளிச்சமும் கனமான இசையுமாக, கல்லூரி மாணவர்களை நான் அழைத்துப்போன எந்தக் குகையைவிடவும் அது அழகாக இருந்தது. சுவரில் மின்னும் இடத்தைச் சுத்தியலாலும் சிற்றுளியாலும் தட்டவேண்டும். தட்டுவது அதிகமானால் சுவர் சரிந்துவிடும். நான் வலது பாதியை மட்டுமே தட்டிக்கொண்டிருந்தேன். புதைபடிவத்தின் ஒரு முனை தெரியும். முழுவதும் வெளிப்பட்டால்தான் கைக்கு வரும். ஒவ்வொரு முறையும் சரிந்தது. "எடக்கே நோடி" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சிவப்பு நாடா தெரியும்வரை தலையைத் திருப்பப் பழகினேன்.

அந்த நாட்களில்தான் அந்தக் காகிதம் நினைவுக்கு வந்தது. ஆட்டம் அழிந்த வாரம், பிரிசி தன் குகை அறையைக் கட்டம்போட்ட தாளில் நினைவிலிருந்து வரைந்து, பிறகு குப்பைக் கூடையில் போட்டிருந்தாள். அதை நான் எடுத்து என் பெரிய அட்லஸுக்குள் வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. சாந்தாவிடம் அட்லஸை எடுத்துவரச் சொன்னேன். தாள் இருந்தது. செடிகள், மேசைகள், நடுவில் முன்பல் நீண்ட, அணில் போன்ற ஒரு கொழுத்த பிராணி. அதனடியில் பென்சிலில் 'மிச்சர்' என்று பெயர். எதைப் பார்த்தாலும் கொறிக்குமாம்.

அந்த அறையைத் திரும்பக் கட்டித் தருவதென்று முடிவுசெய்தேன். புதிய ஆட்டத்தில் செடியும் மேசையும் கிடையாது. சிலைகள் மட்டுமே வைக்கலாம். ஒவ்வொரு பொருளின் இடத்திலும் ஒரு சிலை என்று, சுவரில் தோண்டி எடுத்துச் சேர்த்தேன். அதே பிராணியைப் பிடித்து மிச்சர் என்று பெயரிட்டேன். மூன்று மாதம் ஆனது. கட்டைவிரல் தானாக வளையத் தொடங்கியது அந்த மூன்று மாதத்தில்தான்.

ஒரு ஞாயிறு மதியம் பிரிசியிடம் காட்டினேன்.

"மிச்சரா!" என்றாள். குரல் பன்னிரண்டு வயதுக்குப் போய்த் திரும்பியது. பிறகு திரையை உற்றுப் பார்த்தாள். "பாதி ரூம்தான்பா இருக்கு."

"முழுசா வெச்சிருக்கேனே."

அவள் தாளை எனக்கு வலப்பக்கமாக நகர்த்தி, இடது ஓரத்தில் விரலை வைத்தாள். ஒரு வரிசை செடிகள், இரண்டு மேசைகள், வாசல். மூன்று மாதம் தினமும் பார்த்த தாள். அந்தப் பக்கத்தில் ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன். "பிரிசி, அன்னிக்கு அது கைதவறி அழியலம்மா. தெரிஞ்சேதான் நான் அழிச்சேன்."

"தெரியும்பா."

"அம்மா சொன்னாளா?"

"அம்மாவுக்கு என்ன தெரியும்? மூணு பட்டன்பா. ஒரே நேரத்துல மூணு பட்டன அழுத்தி, ரெண்டு தடவ யெஸ் குடுக்கணும். கைதவறி எப்படி அழியும்? அந்த புக்க நானும்தானே படிச்சிருக்கேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நீங்க இன்னொரு பொய் சொல்லணும்." தாளை மடித்தாள். "நான் சொன்னதும் பாதி பொய்தான். கீழன்னா நீங்க ட்யூஷன்னு நெனைப்பீங்கன்னு தெரியும். ஆனா அதுக்காக எல்லாத்தையும் அழிச்சது ரொம்ப ஜாஸ்திப்பா."

சாந்தா கொண்டுவந்த டீயைக் குடிக்காமல் கிளம்பினாள். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் என் மாத்திரைகளைப் பற்றி மட்டும் கேட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. நான் ஏமாற்றிவிட்டதாக நினைத்த ஒரு குழந்தை, அத்தனை ஆண்டுகளும் என் பொய்யைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதையும் சேர்த்துத்தான் இப்போது சுமக்கிறேன்.

இந்த நோயுடன் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இடது பக்கம் முழுவதும் திரும்பி வராது. எந்த அறைக்குள் நுழைந்தாலும், எனக்குத் தெரிவதைவிட அது பெரியது என்று நினைத்துக்கொள்கிறேன். கடந்துபோன வருடங்களையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். நினைவில் இருப்பதோடு அவை முடிந்துவிடவில்லை. தலையைத் திருப்ப வேண்டும். அதற்கு நேரம் ஆகிறது.

மூன்றாம் ஞாயிறு. நாடாவைப் பார்த்துப் பார்த்து, அறையின் வாசல் பக்கம் சிலைகளை வைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க இருக்கீங்க?" என்று ஒரு குரல்.

"கீழ" என்றேன், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"எடக்கே நோடி."

திருப்பினேன். இன்னும் திருப்பினேன். என் இடது பக்க நாற்காலியில் பிரிசி உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த டீ டம்ளர் காலியாக இருந்தது.

"எப்பம்மா வந்தே?"

"நீங்க ரெண்டாவது சிலைய வைக்கறப்பவே வந்துட்டேன்."

அப்போது நான் வைத்துக்கொண்டிருந்தது ஆறாவது சிலை.