மொட்டுக்கு முந்திய வெயில்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எதிர்வீட்டு ஆன்டி தொட்டியில் வளர்க்கும் எலுமிச்சை போன வாரம் பூத்தது. கதவைத் திறந்ததுமே மணம்: இனிப்பாக, லேசாகக் கசந்து, தொண்டைவரை இறங்குகிற மணம். பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பூவைப் பார்க்கவில்லை, இலையைப் புரட்டினேன். நரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் வேறு மாதிரி என்று மஞ்சள் திட்டு ஏதும் இருக்கிறதா? இல்லை. அதன்பிறகுதான் மூச்சு வந்தது. எலுமிச்சம்பூ மணந்தால் எனக்குப் பயம்தான் வருகிறது. அந்தப் பயத்தை எனக்குத் தந்துவிட்டுப் போனவள் என் அக்கா.

கிள்ளானில், துறைமுகச் சாலையை விட்டு உள்ளே போகும் கம்பத்துக் குடியிருப்பில் அவளுடைய எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. நானும் அப்போது அவர்களோடுதான் இருந்தேன். அத்தான் கண்டெய்னர் லோரி ஓட்டினார். வாசலோரத்து மரம் ஒன்று மட்டும் அவர் நட்டது, மற்றதெல்லாம் அக்கா வைத்தது. ஒரு வருடம் பருவமில்லாத பருவத்தில் மரங்கள் வெறி பிடித்தாற்போல் பூத்தன. அத்தான் கூட்டாளிகளைக் கூட்டிவந்து காட்டினார். அக்கா வாசற்படியிலேயே நின்றாள்.

"இது பூ இல்லீங்க, காய்ச்சல்."

ஏற்கெனவே இலைகளை விவசாய இலாகா அதிகாரியிடம் காட்டியிருந்தாள். இலை மஞ்சளாகிக் காய் கோணலாகும் நோய், குணமாக்க மருந்தே கிடையாது. நோய்ப்பட்ட மரம் கண்ட நேரத்தில் பூத்து, இருக்கிற கொஞ்ச பலத்தையும் கொட்டித் தீர்த்துவிடும். வெயில் காலத்தில், மொட்டு உருவாகும் முன்பே பயிர் வளர்ச்சிக்கான ஜிப்ரெலிக் அமிலத்தைக் கரைத்து அடித்தால் அந்தப் பூவை அடக்கலாம், பலம் இலைக்கும் வேருக்கும் போகும். மொட்டு வந்துவிட்டால் அடித்துப் பயனில்லை. மரம் பிழைக்கும் என்று அவர் சொல்லவில்லை, தாங்கலாம் என்றுதான் சொன்னார்.

மழை இல்லாத வாரங்கள் வந்தன. கடல் பக்கம் மேகம் திரண்டுகொண்டிருந்த ஒரு காலையில் அக்கா மருந்தடிக்கும் பம்பை முதுகில் மாட்டினாள். மழை முந்திக்கொண்டால் மருந்தும் போச்சு, மரம் மொட்டும் வைத்துவிடும். நான் தண்ணீர் சுமந்தேன். அத்தான் தன் மரத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"மரத்துக்குப் போய்க் குடும்பக் கட்டுப்பாடா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க லா."

அவள் வரிசை வரிசையாக நனைத்துவந்து, அவர் நின்ற இடத்தில் மட்டும் குழாயைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போனாள். மழை சாயங்காலம்வரை பொறுத்தது.

அந்த மழைக்குப் பின் தோட்டம் பச்சையாக, ஊமையாக இருந்தது. அத்தானின் மரம் மட்டும் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. வீட்டில் பேச்சு நின்றுபோனது. வந்து பார்க்கச் சொல்லு உங்க அக்காவை என்று என் வழியாகவே சொல்லி அனுப்புவார், அவளும் என் வழியாகவே மறுப்பாள். பிறகு அந்த மரத்தின் காய்கள் கோலிக்குண்டு அளவில், கோணலாக, அடியில் பச்சை மாறாமல் உதிர்ந்தன. லோரிச் சக்கரத்தில் நசுங்கின. கிளைகள் பாதி மொட்டையாகின. அவர் லோரியை வேறு இடத்தில் நிறுத்தத் தொடங்கினார். அக்காவின் மரங்களிலும் சில செத்தன. ஆனால் பெரும்பாலானவை இலையோடு நின்றன.

அடுத்த வெயிலில், மருந்தடிக்க வேண்டிய அதே வாரத்தில், அவளுடைய இருதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். காரில் உட்கார்ந்தும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியைக் கிளப்பப் போனபோது அத்தான் வந்தார். அந்தப் பம்பைத் தொட்டே பார்க்காத மனிதர், முதுகில் அதை ஒருபக்கம் சாய மாட்டியிருந்தார். எங்கிருந்து ஆரம்பிக்க என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை. அத்தான் இன்றும் ஒவ்வொரு வெயிலிலும் அடிக்கிறார், அவள் சொன்ன இடத்திலிருந்தே தொடங்கி. அன்று கண்ணாடியை இறக்கி அவரிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"உங்க மரத்துலேர்ந்து ஆரம்பிங்க. கடைசியில வெச்சா, உங்களுக்கு மனசு வராது."