நியூட்ரலில் இறங்காத முனுசாமி அண்ணன்

முனுசாமி அண்ணன் இறந்துவிட்டார். ஜீப் டிரைவர் முனுசாமி. காலையில் அவர் மகள் போன் பண்ணிச் சொன்னாள்...

அழுது முடிப்பதற்குள் எங்கள் பழைய ஆஸ்பத்திரி ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

"டீசல் மிச்சம் பிடிக்க, இன்ஜினை ஆஃப் பண்ணி மலையிலிருந்து நியூட்ரலிலேயே உருட்டி வந்த மன்னன் மறைந்தார்." பக்கத்தில் ஒரு சிரிக்கிற எமோஜி. கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன மனுஷன் மேல் இன்னுமா அந்தப் பொய்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் நாங்கள் வேலை பார்த்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரி இப்போது இல்லை. நான் அங்கே நர்ஸ். வாரம் ஒரு நாள் கல்வராயன் மலை மேல் வெள்ளிமலையில் கேம்ப். இரண்டு ஜீப் போகும். முனுசாமி அண்ணன் வண்டியில் முன் சீட்டு எனக்கு.

கஞ்சர்தான், ஒத்துக்கொள்கிறேன். டயரில் காற்று பார்க்காமல் சாவியைத் தொடமாட்டார். கிளட்ச் மேல் சும்மா காலை வைத்து ஓட்டுகிற டிரைவரைப் பார்த்தால் கெட்ட வார்த்தைதான்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணும்போது புழுதியெல்லாம் என் வெள்ளைப் புடவை மேல்தான் வரும். கேட்டால், "வண்டிக்கு மூச்சடைச்சா டீசல் ஜாஸ்தி குடிக்கும். நீங்க தும்மிக்கினே வாங்க சிஸ்டர், பரவால்ல."

ஒரு தடவை மலையில் ஒரு அம்மா ஆசையாக எனக்குப் பெரிய பலாப்பழம் ஒன்று கொடுத்தார். "இது ஜீப்பா, சந்தை வண்டியா?" என்று அதைத் தூக்கிக் கொண்டுபோய் டீக்கடையில் வைத்துவிட்டார்! அடுத்த வாரம் அந்த டீக்கடைக்காரர் பழம் தேனாக இருந்தது என்றார். திரும்பி வரும்போது கச்சிராயபாளையம் வரைக்கும் நான் அண்ணனோடு பேசவில்லை.

ஆனால் நியூட்ரல்? ஒரு நாளும் கிடையாது.

அந்தக் காலத்தில் மலை இறக்கத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு உருட்டி வருவது பெரிய கெட்டிக்காரத்தனம். "மேல ஆஃப் பண்ணா, அப்பறம் கீழதான் ஸ்டார்ட்டு" என்று டீக்கடையில் மீசையை முறுக்குவார்கள். அண்ணன் மட்டும் ஏறின கியரிலேயே இறங்குவார்.

"ஆக்சிலேட்டர்ல நான் காலே வெக்கலியே சிஸ்டர், டீசல் எங்கேர்ந்து போவும்? வண்டியப் புடிச்சிக்கினு வர்றதே இன்ஜின்தான்."

இதை யாருமே நம்பவில்லை. மைலேஜ் அதிகம் காட்டுகிறவன் உருட்டித்தான் வருவான் என்று எல்லோரும் அவர்களாகவே முடிவு பண்ணிவிட்டார்கள்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. ஒரு மறியல் சமயம்... தியாகதுருகம் பக்கமெல்லாம் ரோட்டில் மரங்கள், பெட்ரோல் பங்க்கை மூடிக் கயிறு கட்டிவிட்டார்கள். மலையில் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்ததால் கேம்பை நிறுத்தவும் முடியாது.

மேனேஜர் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். "இருக்கற டீசல் இவ்ளோதான். வரும்போது ரெண்டு வண்டியும் ஆஃப் பண்ணிதான் எறங்கணும்."

"என் வண்டி கியர்லதான் எறங்கும். புடிக்கலன்னா சாவிய நீங்களே வெச்சிக்கங்க" என்றார் அண்ணன். மேனேஜர் முகம் கறுத்துப்போனது.

திரும்பும்போது எங்கள் வண்டியில் பிரசவ வலியோடு ஒரு பெண். கியரிலேயே இறங்கிக்கொண்டிருந்தோம். இன்னொரு ஜீப் சத்தமே இல்லாமல் எங்களைத் தாண்டிப் போனது.

இரண்டு வளைவு தள்ளிப் பார்த்தால் பாறையில் மோதிக் கிடக்கிறது. இன்ஜின் பிடிக்காத வண்டியில் பிரேக்கையே அழுத்தி அழுத்தி, அது சூடேறிப் பிடிக்காமல் போய்விட்டது. அந்த டிரைவர் தம்பிக்குக் கால் போச்சு... கடைசி வரைக்கும் ஊன்றுகோல்தான்.

அவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அவர்களே மரத்தை ஓரமாக இழுத்து வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழையும் வரை டீசலும் தீரவில்லை.

அப்புறம் விசாரணை. மேனேஜர் கூசாமல் சொன்னார். "நான் அப்டிச் சொல்லவே இல்ல. இந்தப் பழக்கத்த எல்லாருக்கும் கத்துக்குடுத்ததே முனுசாமிதான். மைலேஜ் பைத்தியம்."

ரூமில் இருந்த அத்தனை தலையும் ஆடியது. அவர் ஆர்டர் போட்டதைக் காதால் கேட்டவர்கள் அவர்கள்!

நான் எழுந்து சொன்னேன். நான்தான் முன் சீட்டில் இருந்தேன், இறங்கும் வரைக்கும் வண்டி கியரில்தான் இருந்தது, ஆர்டர் போட்டது நீங்கள்தான் என்று.

"உங்களுக்கு ஊசியப் பத்தித் தெரியும் சிஸ்டர். வண்டியப் பத்தி இன்னா தெரியும்? உக்காருங்க."



அண்ணனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு ஜெனரேட்டர் ரூமுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியை மூடும் வரை அங்கேதான் இருந்தார். "இதுக்கு டயரும் இல்ல, எறக்கமும் இல்ல... இங்க நான் இன்னாத்த உருட்டறேன்னு சொல்லுவாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

குரூப்பில் அந்த மெசேஜைப் போட்டவரே... அன்றைக்குத் தலையாட்டினவர்களில் நீங்களும் ஒருவர். டெலீட் பண்ணுங்கள். எமோஜியை மட்டும் இல்லை, முழுசாக. பண்ணாவிட்டால் அடுத்த பதிவில் உங்கள் பெயரும் இருக்கும்.

வடக்கனந்தலில் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். சொர்க்க ரதம் வந்து நிற்கிறது. வந்ததிலிருந்து இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டே இருந்தது.

போய் அந்த டிரைவரிடம் சொன்னேன். "எடுக்க இன்னும் நேரம் ஆவும் தம்பி. ஆஃப் பண்ணிடுப்பா. ஏறப்போறவரு கோச்சிக்குவாரு."

ஆஃப் பண்ணிவிட்டார்.

மெதுவாகவே போங்க அண்ணே. கியரிலேயே...